ஷாங்ரி-லா மாதிரி பாதுகாப்பு மாநாடெல்லாம் நிஜமாவே எதுக்காவது உதவுதா?

மாசிப்பனி:
எல்லாருக்கும் வணக்கம். எம்ஏ சர்வதேச உறவுகள் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், டெசர்டேஷன் தலைப்பு குடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு. "ஆசியாவில் பாதுகாப்பு ராஜதந்திரம்"னு எழுதிக் குடுத்தேன், கைடு மேடம் பார்த்துட்டு "இதுல கேள்வி எங்கம்மா இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

எனக்கு இருக்கற சந்தேகம் என்னன்னா, சிங்கப்பூர்ல ஷாங்ரி-லா ஓட்டல்ல 2002-லேர்ந்து வருஷா வருஷம் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடிப் பேசறாங்க, கொரோனா சமயம் ரெண்டு வருஷம்தான் நடக்கல, ஆனா தென்சீனக் கடல்ல சீனக் கப்பல் பிலிப்பைன்ஸ் படகு மேல தண்ணி பீய்ச்சறது நின்னபாடில்ல. 2023-ல அப்ப சீனப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த லி ஷாங்ஃபூ, அப்ப அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ஆஸ்டினுக்கு டின்னர்ல கை குடுத்தார், அவ்ளோதான், உக்காந்து பேச மாட்டேன்னுட்டார். அதே வார இறுதியில தைவான் நீரிணையில சீனப் போர்க்கப்பல் அமெரிக்கக் கப்பலுக்குக் குறுக்கால 150 கஜ தூரத்துல போச்சு. அப்ப இதெல்லாம் ஃபோட்டோவுக்குத்தானா? அப்புறம் ட்ராக் 1, 1.5, 2ன்னு சொல்றாங்களே, அதுவும் சரியாப் பிடிபடல. யாராவது புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

குறிப்பேடு:
ரெண்டு வருஷம் ஒரு ஆய்வு நிறுவனத்துல இருந்தேன், பேர் வேண்டாம். என் வேலை என்னன்னா மூடின கதவுக்குள்ள நடக்கற மீட்டிங்ல பின்வரிசையில உக்காந்து நோட்ஸ் எடுக்கறது.

ட்ராக் 1ன்னா அரசாங்கமும் அரசாங்கமும் பேசறது, சொன்னது சொன்னதுதான், பின்வாங்க முடியாது. ட்ராக் 2ல பேராசிரியர், ரிட்டயர்டு தூதர், ரிட்டயர்டு ஜெனரல் இவங்க பேசுவாங்க, ஏடாகூடமா எதாவது வந்துட்டா அரசாங்கம் "அது அவரோட சொந்தக் கருத்து"ன்னு கை கழுவிக்கலாம், அந்த வசதிக்காகத்தான் அதை வச்சிருக்கறதே. 1.5ல பதவியில இருக்கற அதிகாரியே வருவார், ஆனா "தனிப்பட்ட முறையில"ன்னு ஒரு ஒட்டு போட்டுக்குவார். தென்கிழக்காசிய நாடுகள் கூட்டமைப்பான ஆசியானோட பிராந்திய மன்றம் 1994-ல ஆரம்பிச்சது, அது ட்ராக் 1. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி ஆய்வாளர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச சிஸ்கேப் ட்ராக் 2. பெய்ஜிங்ல நடக்கற ஷியாங்ஷான் ஃபோரம் 2006-ல ட்ராக் 2வா ஆரம்பிச்சு 2014-ல 1.5 ஆச்சு.

என் முதல் மீட்டிங்ல பழக்கதோஷத்துல யார் யார் என்ன சொன்னாங்கன்னு பேரோட எழுதி வச்சுட்டேன். டீ ப்ரேக்ல எங்க சீனியர் அக்கா நோட்டை வாங்கி ஒவ்வொரு பேரையும் கருப்பு மார்க்கரால அடிச்சாங்க, நாட்டுப் பேரும் வேண்டாம், "ஒரு பங்கேற்பாளர்"னு போடுன்னாங்க. சாத்தம் ஹவுஸ் விதின்னு கேள்விப்பட்டிருப்பீங்களே அதுதான், சொன்ன விஷயத்தை வெளிய பயன்படுத்தலாம், சொன்ன ஆளைக் காட்டிக் குடுக்கக்கூடாது. அந்த மேசையில நான் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு நாட்டுக்காரர்தான் சொல்லியிருக்க முடியும், ரிப்போர்ட் படிக்கற எல்லாருக்கும் அது தெரியும், இருந்தாலும் அவர் ஒரு பங்கேற்பாளர்தான் 😄

உங்க கேள்விக்கு வர்றேன். மேடைப் பேச்சையும் கூட்டறிக்கையையும் வச்சு மார்க் போட்டா எல்லாமே ஃபெயில்தான். 2012-ல ப்னோம் பென்ல ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டறிக்கையே விடாம கலைஞ்சாங்க, 45 வருஷத்துல அதுதான் முதல் தடவை. 2015-ல கோலாலம்பூர்ல பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்டத்துலயும் தென்சீனக் கடல்னு எழுதறதா வேண்டாமாங்கற சண்டையில அறிக்கை போச்சு. அதனால நான் பேச்சைப் படிக்கறதுக்கு முன்னாடி யார் யாரோட தனியா உக்காந்தாங்கன்னு லிஸ்ட் எடுப்பேன், எவ்ளோ நேரம்னும் பார்ப்பேன். 2024-ல ஆஸ்டினும், லி ஷாங்ஃபூவுக்கு அப்புறம் சீனப் பாதுகாப்பு அமைச்சரா வந்த டோங் ஜுனும் 75 நிமிஷம் மாதிரி பேசினாங்க. 2025-ல டோங் ஜுன் வரவே இல்ல, சீனா தேசிய பாதுகாப்புப் பல்கலைக்கழகக் குழுவை அனுப்பி வச்சுது. ஆள் வராததும் ஒரு தகவல்தாங்க.

உப்புக்காத்து:
நான் கடற்படையில இருந்து ரிட்டயர் ஆனவன்மா, ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் தெரியாது, கப்பல்ல பார்த்ததை மட்டும் சொல்றேன். மிலன்னு ஒரு கடற்படைக் கூட்டுப் பயிற்சி, 1995-ல போர்ட் பிளேர்ல ஆரம்பிச்சப்ப வெளிநாட்டுக் கடற்படை நாலே நாலு, இந்தோனேசியா சிங்கப்பூர் ஸ்ரீலங்கா தாய்லாந்து, இப்ப அது விசாகப்பட்டினத்துக்கு வந்து பெரிய திருவிழா மாதிரி ஆயிடுச்சு. பேப்பர்ல கூட்டுப் பயிற்சின்னா பீரங்கி ஃபோட்டோ போடுவான், ஆனா முதல் நாள் பூரா நாங்க என்ன பண்ணுவோம்னா எந்த ரேடியோ அலைவரிசை, உன் ஹெலிகாப்டர் என் டெக்ல இறங்கினா யாரு கை காட்டறது, நம்பரை எப்படிச் சொல்றது, இதையே திரும்பத் திரும்ப பேசிட்டு இருப்போம், ஏன்னா கப்பல்ங்க கூப்பிட்டுக்கற ரேடியோ சேனல் 16ல ஒருத்தன் கூப்பிட்டா அவன் உச்சரிப்புல ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னே புரியாது, ரெண்டு கப்பல் எதிரும் புதிருமா வர்றப்ப அது விளையாட்டு இல்ல.

2004 சுனாமி அன்னிக்கு நம்ம கரையே அடிபட்டுக் கிடந்துச்சு, ஆனா மறுநாளே நம்ம கப்பல் ஸ்ரீலங்கா போயாச்சு, அப்புறம் மாலத்தீவு, இந்தோனேசியா. அந்த நேரத்துல இந்தியா அமெரிக்கா ஜப்பான் ஆஸ்திரேலியா நாலும் நிவாரணத்துக்குச் சேர்ந்துதே, இன்னிக்கு இந்த நாலு நாட்டுக் குழுவை குவாட் குவாட்னு பேசறதுக்கு விதை அதுதான். முன்பின் பழக்கம் இல்லாத நாட்டுத் துறைமுகத்துக்குள்ள அவ்ளோ சீக்கிரம் போர்க்கப்பலை விடுவானா?

2014-ல சிங்தாவ்ல 21 நாடு சேர்ந்து க்யூஸ்னு ஒண்ணு ஒத்துக்கிட்டாங்க, கடல்ல எதிர்பாராம சந்திச்சா எப்படி நடந்துக்கறதுங்கறதுக்கு. சட்டக் கட்டாயம் கிடையாது. ஆனா கப்பலை ஓட்டற பிரிட்ஜ்ல நிக்கறவனுக்கு என்ன வார்த்தை சொல்லணும்னு கைல ஒரு தாள் இருக்கறது பெரிய விஷயம்.

எதிர்க்கட்சி:
அங்கிள் சொல்றது சுனாமிக்கு சரி. சண்டைன்னு வந்தா? இந்தியா-சீனா எல்லையில 1993 ஒப்பந்தம் இருந்துச்சு, 1996 ஒப்பந்தம் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் மேஜர் ஜெனரல் மீட்டிங், கொடி மீட்டிங், எல்லாம் இருந்தும் 2020 ஜூன்ல கல்வான்ல நம்ம ஆளுங்க 20 பேர் செத்தாங்க. இதுக்கு எத்தனை செமினார், எத்தனை பாலிசி பேப்பர். இன்னொண்ணு, அந்தப் பேப்பரை எழுதற நிறுவனத்துக்கு யார் காசு குடுக்கறாங்கன்னு மொதல்ல பாருங்க. 1965-லேர்ந்து இருக்கற டெல்லி பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஐடிஎஸ்ஏ (இப்ப மனோகர் பாரிக்கர் பேர் வச்சிருக்காங்க) பாதுகாப்பு அமைச்சகப் பணத்துல ஓடுது. தப்புன்னு சொல்லல, தெரிஞ்சுட்டுப் படிக்கணும்னு சொல்றேன்.

குறிப்பேடு:
@எதிர்க்கட்சி காசு விஷயம் ஒத்துக்கறேன், ஆனா அரசுப் பணம்னா வாயே திறக்க மாட்டாங்கன்னு இல்ல. அதே ஐடிஎஸ்ஏவை ரொம்ப வருஷம் நடத்தின கே. சுப்ரமணியம் (திருச்சியில பிறந்தவர், ஜெய்சங்கரோட அப்பா) தலைமையில கார்கில் போரை ஆராயப் போட்ட கமிட்டி உளவுத்துறை கோட்டைவிட்டதை எழுதத்தானே செஞ்சுது.

கல்வான்ல ஒண்ணு விட்டுட்டீங்க. அங்க ஏன் ஆணி அடிச்ச கம்பும் கல்லுமா அடிச்சுக்கிட்டாங்க? 1996 ஒப்பந்தத்துல எல்லைக்கோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாதுன்னு இருக்கு. 20 பேர் போனதுக்கு ஒப்பந்தத்தைப் பாராட்டச் சொல்லல, அது பெரிய கொடுமை. ஆனா துப்பாக்கி வெடிச்சிருந்தா அந்த ராத்திரி எங்க போய் நின்னிருக்கும்? அதுக்கப்புறம் லடாக் எல்லையில சுஷுல்-மோல்டோவுல கமாண்டர்கள் சுற்று சுற்றா பேசி 2024 அக்டோபர்ல ரோந்து ஒப்பந்தம் வந்துச்சு, நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. வேலை செய்யுதுன்னும் சொல்ல முடியல, செய்யலன்னும் சொல்ல முடியல.

@மாசிப்பனி உங்க கேள்வியே இங்கதான் இருக்குன்னு தோணுது. மாநாடு உதவுதாங்கறது ரொம்ப அகலம். ரெண்டு ராணுவத்துக்கும் நடுவுல இருக்கற அவசர போன் லைனை மட்டும் தலைப்பா எடுத்துக்கோங்க. 2023 பிப்ரவரியில அமெரிக்கா மேல பறந்த சீன பலூனைச் சுட்டு வீழ்த்தின உடனே ஆஸ்டின் பெய்ஜிங்குக்குப் பேச முயற்சி பண்ணார், அவங்க மறுத்துட்டாங்க. 2025 மே 10, இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துட்டு இருந்தப்ப, பாகிஸ்தான் டிஜிஎம்ஓ (ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர்) மத்தியானம் 3.35க்கு இந்திய டிஜிஎம்ஓவைக் கூப்பிட்டார், அஞ்சு மணிக்கு சண்டை நிறுத்தம்னு நம்ம வெளியுறவுச் செயலாளர் சொன்னார். ரெண்டு ஜோடியும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்கதான், ரெண்டு பக்கமும் லைன் இருக்கு. ஒரு இடத்துல எடுக்கறாங்க, ஒரு இடத்துல எடுக்கறதில்ல, ஏன்? எனக்கு ஒரு ஊகம் இருக்கு, சீனா பேசறதையே ஒரு சலுகையா, அமெரிக்காவுக்குத் தர்ற பரிசா பார்க்குது, அப்ப அமெரிக்க பிரதிநிதிகள் சபை சபாநாயகரா இருந்த பெலோசி தைவான் போனப்ப 2022-ல மூணு ராணுவப் பேச்சுவார்த்தையை மொத்தமா நிறுத்தினதும் அந்தக் கணக்குதான். இந்தியா பாகிஸ்தானுக்கு டிஜிஎம்ஓ லைன் ரொட்டீன், வாராவாரம் பேசிப் பழகின லைன். ஊகம்தான், நீங்க உடைச்சாலும் சந்தோஷம்.

மாசிப்பனி:
அண்ணா இது சூப்பர், ஒரு மணி நேரமா இதையே யோசிச்சுட்டு இருக்கேன். ஆனா ரெண்டு ஜோடி போதுமா, மூணாவதா ஒண்ணு சேர்க்கணுமா? 2001-ல ஹைனான் தீவுகிட்ட அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதினதை எடுக்கலாமா? அந்த உளவு விமானத்துல இருந்த 24 பேரை சீனா 11 நாள் வச்சிருந்துச்சு. சீன மொழி தெரியாம இதைச் செய்ய முடியுமான்னும் பயமா இருக்கு.

உப்புக்காத்து:
சீன மொழி எதுக்கும்மா, உனக்குத் தமிழ் தெரியுமே. பாக் நீரிணையில ரெண்டு பக்க கோஸ்ட் கார்டு, நேவி, மீனவர் சங்கம், 2016-ல போட்ட கூட்டுப் பணிக்குழு, எல்லாம் இருக்கு. ராமேஸ்வரத்து ஆள் சொல்றதையும் யாழ்ப்பாணத்து மீனவர் சொல்றதையும் நேரா படிக்கற ஆராய்ச்சியாளர் டெல்லியில எத்தனை பேர் இருப்பாங்க? அங்கயும் ராத்திரி போன் அடிக்குது, யார் எடுக்கறான்னு பாரு.

குறிப்பேடு:
+1. ஹைனானை விட இது நல்ல மூணாவது கேஸ், 1974, 1976 இந்தியா-ஸ்ரீலங்கா கடல் எல்லை ஒப்பந்தத்துலேர்ந்து ஆரம்பிங்க. ஒண்ணு மட்டும் இப்பவே செய்யுங்க, அமைச்சக பிரஸ் ரிலீஸ் எதைப் பார்த்தாலும் அன்னிக்கே பிடிஎஃப் எடுத்து தேதியோட வச்சுக்கோங்க, வைவா அன்னிக்கு லிங்க் திறக்காது.