புகைச் சோதனையில் தோற்ற பழைய லாரி: எதை முதலில் பார்ப்பது?

வணக்கம். என்னுடையது 2011-ஆம் ஆண்டு பி.எஸ். 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) லாரி. நாமக்கல்லில் கோழித் தீவனம் ஏற்றுகிறோம். அடுத்த வாரம் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு) காட்ட வேண்டும். அதற்கு முன் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். இந்த வகை வண்டிக்குப் புகையின் அடர்த்தி அளவு 2.45-க்குள் இருக்க வேண்டும். எனக்கு வந்தது 3.6. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் சோதித்தார்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை. வேகம் பிடித்தபின் குறைந்துவிடுகிறது. நீலப்புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. அதனால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கவில்லை.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே பாதி மூட்டைத் தவிடு! புதியது போட்டதும் 3.1-க்கு இறங்கியது. ஒரு மெக்கானிக், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி அழுத்தம் பார்த்தால் போதும் என்கிறார். இன்னொருவர் டீசல் பம்பையே கழற்றச் சொல்கிறார். மூன்றாமவர், டீசலைக் குறைத்து வைத்துச் சோதனையை முடித்துவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ஹோஸில் காற்றுக் கசிந்தாலும் இப்படிப் புகையுமா? இதே தொல்லையைச் சரிசெய்தவர்கள், எதில் தொடங்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று சொல்லுங்கள்.