பிராய்லர் தீவனத்தில் ஆன்டிபயாடிக்குக்குப் பதில் மூலிகை: நடக்குமா?

பல்லடம் பண்ணையாள்:
கம்பெனி ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாக 2,000 குஞ்சு வளர்க்கிறேன். போன மூன்று பேட்ச்சும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்க்கவே இல்லை. கீழாநெல்லி, வேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாம் அரைத்து காலைத் தீவனத்தில் பிசறி வைக்கிறேன், அவ்வளவுதான். முன்பெல்லாம் மூன்றாம் வாரம் வந்தால் எச்சம் தண்ணியாகப் போய், தரையில் பரப்பிய கூளம் சொதசொதவென்று ஆகி, செட்டுக்குள் நுழைந்ததுமே கண் எரியும். இப்போது கூளத்தை அள்ளிப் பிடித்தால் கையில் உதிர்கிறது. தினமும் மருந்து கலந்த தீவனம் தேவையே இல்லை.

கோழி டாக்டர்:
அண்ணா, பேட்ச் நன்றாக வந்ததில் சந்தோஷம். ஆனால் அது மூலிகையால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பாதிக் குஞ்சுக்கு மூலிகை கொடுக்காமல் வளர்த்துப் பார்த்தீர்களா? ஒரு வயல் கீழாநெல்லியின் வீரியம் அடுத்த வயலில் இருக்காது. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது ரொம்பக் குறைவு. ஈ.கோலை என்ற பாக்டீரியா ரத்தத்தில் ஏறி, இதயத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் கட்டிய கோழிகளை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமையில் மஞ்சளை நம்பிக் காத்திருந்தால் செட்டே காலி.

பல்லடம் பண்ணையாள்:
நோய் வந்த கோழிக்கு மருந்து தராதே என்று நான் எங்கே சார் சொன்னேன்? நோயே இல்லாத குஞ்சுக்கு, எடை கூடுவதற்காக முதல் நாளிலிருந்தே கொடுப்பதைத்தான் சொல்கிறேன். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக், வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2019-ல்தான் தடை வந்தது. ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006-ல். அங்கெல்லாம் கோழி வளராமலா போனது?

கோழி டாக்டர்:
எடைக்காகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும், அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் ஸ்வீடன்காரர்கள் அந்த இடத்தை மூலிகையை வைத்து நிரப்பவில்லை. கொட்டகைச் சுத்தம், காற்றோட்டம், தீவனக் கலவை என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் அயனோஃபோர் மருந்துகளுக்கு ஐரோப்பாவில் இன்றைக்கும் அனுமதி இருக்கிறது, அவற்றில் பல பாக்டீரியாவையும் அடக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

ஒப்பந்த வளர்ப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குத் தீவனம் கம்பெனி லாரியில் பெல்லட்டாக, அதாவது அழுத்திய சின்னக் குச்சித் துண்டுகளாக வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று எங்களைக் கேட்டா கலக்கிறார்கள்? 8,000 கோழிக்கு வெங்காயம் உரித்து அரைக்க ஆள் கிடைக்காது. தீவனச் செலவு கொஞ்சம் ஏறினாலும் வளர்ப்புக் கூலியில் பிடிப்பார்கள். மாற்றம் தீவன ஆலையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கோழி டாக்டர்:
ஆலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெல்லட் பிடிக்கும்போது நீராவிச் சூடு 80 டிகிரிக்குப் போகும், ஓமம், ஓமவல்லி மாதிரி வாசனை எண்ணெய் உள்ளவற்றில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாகிவிடும்.

பல்லடம் பண்ணையாள்:
சரி, அடுத்த பேட்ச்சில் செட்டுக்கு நடுவே சாக்குத் தடுப்பு கட்டுகிறேன். ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரு பக்கம் மட்டும் மூலிகை. வாரா வாரம் எடை போட்டு இங்கேயே எழுதுகிறேன். செத்ததை நீங்களே வந்து அறுத்துப் பாருங்கள்.

கோழி டாக்டர்:
கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. ஆனால் ஒரு பேட்ச்சை வைத்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வெயிலில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று பார்க்க வேண்டும். மழையில்தான் கூளம் ஈரமாகும்.