25ஆம் திருத்தம் கையில் இருக்க, வயது வரம்பு எதற்கு?

தராசுமுள்:

அமெரிக்க அரசியல் பற்றி எந்தத் திரியைத் திறந்தாலும் "75க்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் தீர்ந்தது" என்று ஒருவர் எழுத, கீழே பத்துப் பேர் ஆமாம் போடுகிறார்கள். கவலை நியாயமானதே. 2025 ஜனவரி 20 அன்று டிரம்புக்கு 78 வயது 7 மாதம். பதவியேற்பு நாளில் அவ்வளவு மூத்த அதிபர் அதற்கு முன் இல்லை. அவருக்கு முன் அந்தப் பெயரை வைத்திருந்தவர் 78 வயது 2 மாதத்தில் பதவியேற்ற பைடன்.

ஆனால் அந்தச் சட்டத்தை யார் போடுவது? அதிபருக்கு 35, செனட்டருக்கு 30, பிரதிநிதிகள் சபைக்கு 25 என்று குறைந்தபட்ச வயது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. மேல்வரம்பு வேண்டுமென்றால் அதையும் சாசனத்தில்தான் எழுத வேண்டும்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 38 மாநிலங்கள். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் தகுதிகளில் மாநிலங்கள் தம் பங்குக்கு எதையும் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் 5-4 தீர்ப்பில் சொல்லிவிட்டது. 2024 ஜூனில் வடக்கு டகோட்டா மக்கள், பதவிக்காலத்துக்குள் 81ஐ எட்டுபவர் தங்கள் மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போகக் கூடாது என்று வாக்களித்தார்கள். வழக்கு வந்தால் அந்த 1995 தீர்ப்பைத் தாண்டித்தான் அது பிழைக்க வேண்டும்.

இருக்கிற கருவி சாசனத்தின் 25ஆம் திருத்தம். 1967 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. செயலிழந்த அதிபரை ஒதுக்கிவைக்க அதன் நான்காம் பிரிவு வழி சொல்கிறது. அதைப் பயன்படுத்தாமல் புதுச் சட்டம் கேட்பது ஏன்?

பனைமரத்தடி:

அண்ணே, அந்த நாலாம் பிரிவை வரிவரியா படிச்சுப் பாத்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க. எப்படி நடக்கும்னு சொல்றேன்.

முதல்ல துணை அதிபர் கையெழுத்துப் போடணும். அவர் இல்லாம ஒண்ணும் நகராது. கூடவே 15 துறைச் செயலர்கள்ல 8 பேர். கடிதம் சபாநாயகருக்கும் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கும் போகும். அந்த நிமிஷமே துணை அதிபர் பொறுப்பு அதிபர். ஆனா "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு அதிபர் ஒரு கடிதம் அனுப்பினா, நாலு நாளுக்குள்ள அதே ஆட்கள் மறுபடி எழுதிக் குடுக்கணும். குடுக்கலைன்னா அதிகாரம் அவர்கிட்ட திரும்பிடும். குடுத்தா காங்கிரஸ் 48 மணி நேரத்துல கூடி, 21 நாளுக்குள்ள முடிவெடுக்கணும். இரு அவைகள்லயும் மூணுல ரெண்டு பங்கு. எல்லாரும் வந்திருந்தா செனட்ல 67, கீழவையில 290. ஒரு ஓட்டு குறைஞ்சாலும் அதிபர் திரும்ப நாற்காலியில.

பதவிநீக்கத் தீர்மானத்துக்கே கீழவையில சாதாரணப் பெரும்பான்மை போதும். லஞ்சம் வாங்கினவரை இறக்குறதைவிட நினைவு தப்பினவரை இறக்குறது கஷ்டம்னா அது என்ன கருவி?

இன்னொண்ணு. அந்த 8 பேரோட குடுமியும் அதிபர் கையில. கையெழுத்து வாங்குறாங்கன்னு காதுல விழுந்தா சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பலாம். பதிலுக்கு வர்ற தற்காலிகச் செயலர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையான்னு சட்டத்துல தெளிவும் கிடையாது. துணை அதிபர் பதவி காலியா இருந்தா இந்தப் பிரிவே செத்த பாம்பு. 1973 அக்டோபர் 10ல ஆக்னியூ ராஜினாமா பண்ணினப்புறம் டிசம்பர் 6ல ஃபோர்டு வர்ற வரைக்கும் அதுதான் நிலைமை.

1981 மார்ச் 30, ரேகன் சுடப்பட்ட அன்னைக்கு நாலாம் பிரிவுக் கடிதம் தயாராவே இருந்துச்சு. வெள்ளை மாளிகை உதவியாளர் டார்மன் அதை வாங்கித் தன் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டார். அதிபர் அறுவை சிகிச்சை மேசையில இருந்த நாள்லயே அதுக்குமேல அது நகரல.

தராசுமுள்:

கடினமாக இருப்பது வேண்டுமென்றே. சுலபமாக இருந்தால் துணை அதிபருக்கு அது அரண்மனைச் சதிக்கான சீட்டாகிவிடும். 1919 அக்டோபரில் வில்சன் பக்கவாதத்தில் விழுந்து, 1921 மார்ச் வரை ஆட்சி அவர் மனைவி எடிட்டின் வடிகட்டல் வழியாக நடந்ததே, அந்த மாதிரி நிலைக்கு எழுதப்பட்டது இது. மெல்ல மெல்லத் தளரும் முதுமைக்கு அல்ல. தளர்ச்சியைத் தீர்ப்பளிக்க வேண்டியது வாக்காளர்.

மூன்றாம் பிரிவு ஒழுங்காகவே வேலை செய்கிறது. 2021 நவம்பர் 19 அன்று பைடன் குடல் பரிசோதனைக்கு மயக்க மருந்து வாங்கிக்கொண்டபோது காலை 10:10 முதல் 11:35 வரை, 85 நிமிடம், கமலா ஹாரிஸ் பொறுப்பு அதிபர்.

பனைமரத்தடி:

மூணாம் பிரிவு அதிபரே மனசு வச்சு எழுதிக் குடுக்கிறது. தனக்கு முடியலைன்னு தெரிஞ்சவருக்குத்தான் அது. தெரியாதவரை என்ன செய்றது?

நடுவீதி:

இருவரும் சாசனத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். 2024இல் அதிபர் பைடனைப் போட்டியிலிருந்து இறக்கியது சாசனமா? கட்சி. அது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் விவாதம் தரைக்கு வரும்.

ஜூன் 27 விவாத மேடையில் தடுமாற்றம். ஜூலை 21 விலகல். நவம்பர் 5க்கு 107 நாள். பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில்) வென்ற பிரதிநிதிகள் பைடனுக்கு உறுதி கொடுத்தவர்கள்தான், ஆனால் ஜனநாயகக் கட்சி விதியில் அந்த உறுதி "நல்ல மனசாட்சியோடு" என்ற சொல்லில்தான் தொங்குகிறது, சட்டக் கட்டு இல்லை. அவர் விலகியதும் எல்லாரும் சுதந்திரம். வேட்பாளராக நிற்க 300 பிரதிநிதிகளின் கையெழுத்து, ஒரு மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கணக்கில் வராது, கெடு ஜூலை 30. இணையவழி வாக்கெடுப்பு ஆகஸ்ட் 5 அன்று முடிந்தது. சிகாகோ மாநாடு கூடியது 19ஆம் தேதிதான். ஏன் அவசரம் என்றால் ஓஹாயோவில் வேட்பாளர் பெயரைக் கொடுக்கும் பழைய கெடு ஆகஸ்ட் 7. அந்த மாநிலம் கெடுவைத் தள்ளிவைத்த பிறகும் கட்சி வழக்குக்குப் பயந்து முந்திக்கொண்டது.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் பணம். பைடன் பிரச்சாரக் குழுவின் கணக்கில் 9 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அந்தக் குழு துணை அதிபர் பெயரிலும் பதிவாகியிருந்ததால் பெயரை மாற்றி அப்படியே ஹாரிஸ் எடுத்துக்கொண்டார், டிரம்ப் தரப்பு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஹாரிசுக்குப் பதில் ஒரு மாநில ஆளுநர் வேட்பாளராக வந்திருந்தால்? ஒரு வேட்பாளர் குழு இன்னொரு வேட்பாளர் குழுவுக்கு ஒரு தேர்தலுக்கு 2,000 டாலர்தான் கொடுக்கலாம். மீதியைக் கட்சிக்குத் தள்ளலாம், அல்லது கொடுத்தவர்களுக்கே திருப்பலாம். வாரிசு யார் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வங்கிக் கணக்கிலேயே எழுதியிருந்தது.

தராசுமுள்:

நடுவீதி என் வாதத்துக்கே வலு சேர்க்கிறார். வயது வரம்பு இல்லாமலே கட்சி சரிசெய்துகொண்டது.

பனைமரத்தடி:

சரிசெஞ்சுக்கிச்சா? அதிர்ஷ்டம்னு சொல்லுங்க. அதிபர் தேர்தல் விவாதம் வழக்கமா செப்டம்பர் கடைசியில நடக்கும், 2020ல முதல் விவாதம் செப்டம்பர் 29. 2024ல ரெண்டு தரப்பும் பேசி ஜூனுக்கு இழுத்தாங்க. பழைய அட்டவணைப்படியே நடந்து, அதே மேடை, அதே தடுமாற்றம்னு வச்சுக்குங்க. வெளிநாட்டுல இருக்கிற படைவீரர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்னாடி ஓட்டுச்சீட்டு போயாகணும்னு கூட்டரசுச் சட்டம். 2024க்கு அது செப்டம்பர் 21. அச்சாகி, உறையில போட்டு, தபால்ல போன சீட்டுல பெயரை மாத்த முடியாது. அப்புறம் நம்ம தேர்வாளர்களை, அதாவது மாநிலவாரியா தேர்வாகி அதிபருக்குக் கடைசி ஓட்டுப் போடறவங்களை, நம்பி உக்காரணும். 1872ல அதிபர் வேட்பாளர் ஹொரேஸ் கிரீலி ஓட்டுப்பதிவு முடிஞ்சு, தேர்வாளர்கள் ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி செத்துப்போனார். அவர் பக்கத்துத் தேர்வாளர்கள் நாலா பக்கமும் சிதறினாங்க, செத்தவருக்கே விழுந்த 3 ஓட்டைக் காங்கிரஸ் எண்ணவே மறுத்துச்சு.

வாக்காளர் தீர்ப்புங்கிறீங்க, புளோரிடாவுல ஜனநாயகக் கட்சி பைடன் பேர் ஒண்ணைத்தான் குடுத்துச்சு, பிரைமரியே நடக்கல. கேள்வி கேக்கிற இடத்துல தாளே வைக்கல.

கொங்குக்காற்று:

இது அதிபர் முறையோட வியாதிங்க. நாடாளுமன்ற முறையில இவ்வளவு சுத்தல் இல்லீங்க. கனடாவுல 2025 ஜனவரி 6ல ட்ரூடோ விலகறேன்னு அறிவிச்சாரு, மார்ச் 9ல கட்சி கார்னியைத் தேர்ந்தெடுத்துச்சு, 14ல பதவியேற்பு. பிரிட்டன்ல லிஸ் டிரஸ் ஏழு வாரத்துல வீட்டுக்குப் போனாரு. ஜெர்மனியில சாசனத்தோட 67ஆவது பிரிவு இன்னும் அழகுங்க: அடுத்தவர் பேரைச் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மை காட்டினாத்தான் இருக்கிறவரை இறக்கலாம். 1982 அக்டோபர் 1ல சான்சலர் (அங்க பிரதமர் மாதிரி) ஷ்மிட் போயி கோல் வந்தது அப்படித்தான். நாற்காலி ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கல.

மணல்மேடு:

நீங்கள் சொன்ன மூவரில் யாருமே முதுமையால் தளர்ந்து விலகியவர் இல்லை. முதுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் சர்ச்சில். 1953 ஜூன் 23 அன்று இத்தாலியப் பிரதமருக்கு டவுனிங் தெருவில் விருந்து கொடுக்கும்போது பக்கவாதம், வயது 78. மருத்துவர்கள் எழுதிய அறிக்கையில் மூளை ரத்த ஓட்டம் பற்றி ஒரு வரி இருந்தது. மூத்த அமைச்சர்கள் பட்லரும் சால்ஸ்பரியும் அதை எடுத்துவிட்டு "முழு ஓய்வு தேவை" என்று மட்டும் வெளியிட்டார்கள். பெரிய பத்திரிகை முதலாளிகள் சார்ட்வெல் வீட்டுக்கு அழைக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வாரிசு ஈடன் அதே நேரம் பாஸ்டனில் பித்தநாள அறுவையில். சர்ச்சில் 80 வயதில், 1955 ஏப்ரலில்தான் இறங்கினார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஆயுதம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது.

பிரான்சில் அதிபர் மித்தரான் இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்து வந்தவர். 1981 நவம்பரில் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அறிக்கை வந்துகொண்டே இருந்தது, பொய்யாக. 1992 வரை நாட்டுக்குத் தெரியாது. செயலிழப்பை அறிவிக்க அங்கே சாசனத்தின் 7ஆம் பிரிவில் வழி உண்டு: அரசு கேட்க வேண்டும், சாசன மன்றம் அறுதிப் பெரும்பான்மையில் முடிவெடுக்கும். மூடி மறைப்பவர்கள் பக்கம்தானே அரசு, யார் கேட்பது?

எந்த முறையானாலும் கோளாறு தகவலில். அதிபரின் மருத்துவ விவரத்தை வெளியிடச் சொல்லி அமெரிக்காவில் ஒரு சட்டமும் இல்லை. மருத்துவர் வெள்ளை மாளிகை ஊழியர், நோயாளி சம்மதித்ததைத்தான் சொல்வார். பெருமையாகக் காட்டும் மொன்றியல் அறிவாற்றல் சோதனை பத்து நிமிட வேலை: கடிகாரம் வரை, மிருகத்தின் பெயர் சொல், 100இலிருந்து ஏழேழாகக் கழி, ஐந்து சொல்லைச் சற்று நேரம் கழித்து ஒப்பி. 30க்கு 26 வந்தால் இயல்பு. மறதி நோயை ஆரம்பத்தில் வடிகட்ட அது போதும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பி முடிவெடுக்கச் சொன்னால் எடுப்பாரா என்பதை அது அளக்காது.

பனைமரத்தடி:

தகவல் கசியாதுன்னு நீங்களே சொல்றீங்க. அதனாலதான் பிறந்த தேதி வேணும். மறைக்க முடியாத ஒரே மருத்துவ ஆவணம் அதுதான்.

காங்கிரசைப் பாருங்க. 2025 மே 22ல டிரம்போட பெரிய வரிச் சட்டம் கீழவையில 215-214ல தப்பிச்சுது. அன்னைக்கு ஜனநாயகக் கட்சியோட மூணு இடம் காலி: டர்னர் மார்ச் 5, கிரிஹால்வா மார்ச் 13, கானலி முந்தின நாள், மே 21. மூணு பேரும் பதவியிலேயே இறந்தவங்க. செனட்ல காலியானா பெரும்பாலான மாநிலங்கள்ல ஆளுநர் உடனே ஆள் போடலாம், கீழவைக்குத் தேர்தல்தான் வழி. டர்னர் இடத்துக்கு டெக்சாஸ் ஆளுநர் குறிச்ச தேதி நவம்பர் 4. எட்டு மாசம்!

தராசுமுள்:

நல்ல உதாரணம் எடுத்தீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரி 3 பதவியேற்பன்று டர்னருக்கு 70, கானலிக்கு 74, கிரிஹால்வாவுக்கு 76. உங்கள் 75 வரம்பு மூவரில் ஒருவரைத்தான் தடுத்திருக்கும். அதோடு குடியரசுக் கட்சியில் அன்று இருவர் வாக்களிக்கவே இல்லை, ஒருவர் "வருகை" மட்டும் பதிந்தார். நெருக்கடி வந்தால் தலைமை அந்த மூவரைப் பிடித்திழுத்திருக்கும்.

கானலி விஷயத்தில் தவறு வேறு இடத்தில். உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று அவரே 2024 நவம்பரில் அறிவித்தார். டிசம்பரில் மேற்பார்வைக் குழுவின் மூத்த உறுப்பினர் பதவிக்கு இளையவரான ஒகாசியோ-கோர்டெசை விட்டு அவரை 131-84 என்று அவருடைய கட்சியே தேர்ந்தெடுத்தது. தகவல் மேசையில் இருந்தது. மூப்புக்கு மரியாதை என்ற வழக்கம் ஜெயித்தது. வயது வரம்பு அந்த வழக்கத்தைத் தொடாது; குழுப் பதவிகளுக்குக் காலவரம்பு போட்டால் தொடும், அதற்குச் சாசனத் திருத்தமும் வேண்டாம்.

ஜெர்மனியில் அடினாயர் 73 வயதில் ஒரே ஒரு வாக்கில் சான்சலராகி, 87இல் இறங்கினார். உங்கள் சட்டப்படி 1953 தேர்தலோடு அவர் கதை முடிந்திருக்கும்.

நடுவீதி:

அந்தக் காலவரம்பு உங்கள் நான்காம் பிரிவின் ஓட்டையை அடைக்காதே. "காங்கிரஸ் சட்டத்தால் அமைக்கும் வேறு குழு" என்று ஒரு வாசகம் அதில் உண்டு. அமைச்சரவைக்குப் பதில் மருத்துவர்களும் முன்னாள் உயரதிகாரிகளும் கொண்ட குழு போடலாம் என்று கீழவை உறுப்பினர் ராஸ்கின் 2017லும் 2020லும் மசோதா கொண்டுவந்தார். நிறைவேறினாலும் துணை அதிபர் கையெழுத்து இல்லாமல் அந்தக் குழு வெறும் ஆலோசனைக் கூட்டம். மசோதா சட்டமாக அதிபர் கையெழுத்தும் வேண்டும், இல்லையென்றால் மறுபடி மூன்றில் இரண்டு.

துணை அதிபரே செயலிழந்தால்? அதற்கு ஒரு வழியும் எழுதப்படவில்லை. துணை அதிபராக இருந்த டிக் செனி இதைக் கண்டுபிடித்துத்தான் 2001 மார்ச் 28 அன்று தன் ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு, தன் சட்ட ஆலோசகரிடம் கொடுத்துவைத்தார். ராஜினாமா செல்ல வேண்டுமென்றால் எழுத்தில், வெளியுறவுச் செயலரிடம் சேர வேண்டும். தேவைப்பட்டால் அதை அதிபரிடம் கொடுப்பதுதான் ஆலோசகர் வேலை; செயலரிடம் சேர்ப்பதா என்பது அதிபர் முடிவு. அடுத்த துணை அதிபர்களுக்கும் இதை நிபந்தனையாக்கலாமே, பனைமரத்தடி? 75 தாண்டினால் கட்டாயம் என்று.

தராசுமுள்:

75 எதற்கு? அந்தக் கடிதத்தை எழுதியபோது செனிக்கு வயது 60. முதல் மாரடைப்பு வந்தபோது 37.