கோத்தகிரி பக்கம் வயர் இல்லாத வீட்டு இணையத்துக்கு மாறலாமா?

தேயிலைச்சாரல் (வெள்ளி இரவு)
வணக்கம். மேட்டுப்பாளையம் ரோட்டில் அரவேணு தாண்டி, ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் வாடகை வீடு. தகர ஷீட் கூரை. பின்பக்கம் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தினமும் ஐந்தாறு வீடியோ மீட்டிங், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போக விபிஎன் வேறு. இப்போது இருப்பது உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர். இந்தக் கோடை மழைக்கே மூன்று தடவை போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன ஆகுமோ!

நேற்று ஒரு பையன் வந்து, கூரையில் பெட்டி மாட்டினால் போதும், 5ஜியில் நெட் வரும், வயரே வேண்டாம் என்றான். ஃபைபரை எடுத்துவிட்டு இதற்கு மாறலாமா?

குன்னூர்வாசி
கண்ண மூடிட்டு மாறுங்க. எங்க வீட்ல ஒரு வருஷமா சூப்பரா ஓடுது.

கம்பமேறி
குன்னூர் டவுனுக்குள் இருந்தால் ஓடாமல் என்ன செய்யும். அவர் இருப்பது பள்ளத்தில்.

தேயிலைச்சாரல், கேபிள் வேலையில் பதினைந்து வருடம் கம்பம் ஏறியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் டவரைப் பாருங்கள். கூரை மேலிருந்து டவர் கண்ணுக்குத் தெரிகிறதா? மலையில் கிட்டத்தில் இருக்கும் டவரை நம்ப முடியாது, நடுவில் ஒரு மேடு வந்தால் முடிந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி நேராகத் தெரியும் டவர் அதைவிட நன்றாக எடுக்கும்.

போனில் சிக்னல் அளவு காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. -90க்குள் இருந்தால் நிம்மதி. -110 தாண்டினால் அந்தப் பையனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்க்காதீர்கள், தகரம் சிக்னலை மறைக்கும். எந்தக் கம்பெனி பெட்டியோ அதே கம்பெனி சிம்மில் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை.

தேயிலைச்சாரல் (ஞாயிறு)
பார்த்துவிட்டேன் அண்ணா. ஹாலில் -114. ஏணி போட்டுக் கிழக்கு மூலையில் ஏறினால் -96. காலை ஏழு மணிக்கு இறங்க (டவுன்லோட்) 180, ஏற (அப்லோட்) 14 எம்பிபிஎஸ். ராத்திரி ஒன்பதுக்கு இறங்க 38, ஏற வெறும் 2. இவ்வளவு குறையுமா?

கம்பமேறி
இது மே மாதம். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, லாட்ஜ் முழுக்க ஆள். அத்தனை போனும் அதே டவரில்தான் தொங்கும். சீசனில் சோதித்தது நல்லதாகப் போயிற்று. ஆகஸ்டில் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பீர்கள். மீட்டிங்குக்கு ஏறும் வேகம்தான் முக்கியம். 3, 4 இருந்தால் சமாளிக்கலாம், 2-க்கு உங்கள் முகம் உறைந்து நிற்கும்.

மூடுபனி இறங்கினால் நெட் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இங்கே வீட்டுக்கு வரும் 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ், அதைப் பனி ஒன்றும் செய்யாது. மழையே பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால்தான் பெரிய தொல்லை. உங்களுக்கு எதிரி நனைந்த இலை. டவருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த ஓக் மரங்களா நிற்கின்றன?

தேயிலைச்சாரல்
ஆமாம், சரியாக நடுவில். ஒரு நாலு மரம். வெட்டச் சொல்லலாமா?

மலைச்சட்டம்
கேட்டுக்கூடப் பார்க்காதீங்க. இங்கே மரம் வெட்ட 1955 சட்டப்படி அனுமதி வாங்கணும். அதுவும் அடுத்தவர் தோட்டத்து மரம்!

கம்பமேறி
வெட்ட வேண்டாம், கிளை கழிப்பார்கள். பெருமழைக்கு முன் தேயிலைக்கு வெயில் இறங்குவதற்காகச் செய்வதுதான்.

அதெல்லாம் இருக்கட்டும். ஒன்று யோசித்தீர்களா? உங்கள் ஃபைபர் எந்த ரோட்டோரக் கம்பத்தில் வருகிறதோ, அந்த டவருக்குப் போகும் ஃபைபரும் அதே ரோட்டில் வரலாம். ஒரு மரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். கரண்ட் போனால் டவர் பேட்டரியும் சில மணி நேரம்தான். மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது?

அந்தச் சிவப்பு லைட், எல்ஓஎஸ் (ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை) என்று எழுதியிருப்பதா? மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, ஆர்எக்ஸ் பவர், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சம், எவ்வளவு என்று சொல்லுங்கள்.

தேயிலைச்சாரல்
அதேதான். இப்போது ஓடும்போது -26.4 காட்டுகிறது.

கம்பமேறி
அகப்பட்டது. -27 வரைதான் மோடம் தாங்கும். 3 டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதி போய்விட்டது என்று அர்த்தம், நீங்கள் விளிம்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவை அறுந்தபோதும் வந்தவர் என்ன செய்தார்?

தேயிலைச்சாரல்
கம்பத்தில் ஏறி ஒட்டுப் போட்டு, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போவார். அந்தக் கம்பத்திலிருந்து வீடு வரை எண்ணினால் நாலு இடத்தில் டேப் தெரிகிறது.

கம்பமேறி
ஒவ்வொரு மோசமான ஒட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். சண்டை போடுங்கள். ஒட்டு வேண்டாம், கம்பத்துப் பெட்டியிலிருந்து வீடு வரை புது வயராக இழுக்கச் சொல்லுங்கள், வயர் காசு நீங்கள் கொடுத்தாலும் பரவாயில்லை. மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

வயர் இல்லாததை அப்புறம் பார்க்கலாம். எடுத்தாலும் மாதச் சந்தாவில் எடுங்கள், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆபீஸ் விபிஎன் அதில் ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கூரைப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் விடாதீர்கள், சித்திரை இடி வயர் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும்.

தேயிலைச்சாரல் (அடுத்த வியாழன்)
புது வயர் வந்துவிட்டது அண்ணா, தொண்ணூறு மீட்டர். இப்போது -20.8. நேற்று ராத்திரி நல்ல மழை, லைட் பச்சையாகவே இருந்தது. ஃபைபரை எடுக்கவில்லை. 5ஜியைக் கிளை கழித்த பிறகு இன்னொரு தடவை அளந்து, நன்றாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கூடவே போட்டுப் பார்க்கிறேன்.

தோட்டத்து மேஸ்திரியிடம் எப்போது கிளை கழிப்பீர்கள் என்று கேட்டேன். “அடுத்த வாரம்மா. ஏன், விறகு வேணுமா?” என்றார்.