உதவி தேவை: அசெட்டோ கோர்சாவில் வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் சுழல்கிறது

மலைப்பாதை:
வணக்கம். இரண்டு மாதமாக அசெட்டோ கோர்சா என்ற கணினி கார் பந்தய விளையாட்டை ஓட்டுகிறேன். பற்சக்கர வகை ஸ்டியரிங் வீல், மூன்று பெடல், 27 அங்குலத் திரை. கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, தடம் இத்தாலியின் மஜோனே. வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சின்ன ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குவேன். ஒரு முறைகூட அதன் பின்பக்கம் வெட்டியதில்லை.

விளையாட்டில் வளைவுக்குள் போன பிறகு வேகம் அதிகம் என்று தோன்றிக் காலை எடுத்தால் போதும், பின்பக்கம் வெளியே ஓடிவிடுகிறது. எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தால் அடுத்த நொடியே மறுபக்கம் வீசி அடிக்கிறது. நேற்று 10 சுற்றில் 14 முறை சுழன்றேன். உதவி அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்திருக்கிறேன். ஃபோர்ஸ் ஃபீட்பேக் கெயின் (வீலின் மோட்டார் கைக்குத் தரும் விசையின் அளவு) 100, பார்வைக் கோணம் (திரை காட்டும் காட்சியின் விரிவு) 60. நிஜத்தில் கார் இவ்வளவு எளிதாகச் சுழலுமா? இல்லை, என் அமைப்பில் ஏதாவது தவறா?

டயர்வாசனை:
சுழலும் நண்பரே. ஏற்காட்டில் நீங்கள் டயரின் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க மாட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர், வேகம் 25 கி.மீ. என்று வைத்தால் பக்கவாட்டு விசை சுமார் 0.33 ஜி (1 ஜி என்றால் காரின் எடைக்குச் சமமான விசை). உலர்ந்த சாலையில் நல்ல சாலை டயர் 1 ஜி வரை, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். அதாவது இருக்கும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறீர்கள். மஜோனேயில் எல்லா வளைவிலும் முழுப் பிடிப்பையும் செலவழித்துவிட்டு, அதற்கு மேல் காலையும் எடுக்கிறீர்கள்.

காலை எடுத்தால் எடை முன்னே போகும். ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ, முன் பின் பாதி பாதி என்று வையுங்கள். சக்கர இடைவெளி 2.27 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர். 0.8 ஜி அளவுக்குப் பிரேக் போட்டால் சுமார் 175 கிலோ முன்னே போய்விடும். பின்சக்கரங்களில் 500 இருந்தது 325 ஆகிறது. காலை மட்டும் எடுத்தால் இதைவிடக் குறைவுதான். ஆனால் பின்டயர் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும்போது அந்தக் கொஞ்சமே போதும். உங்கள் ஹேட்ச்பேக் முன்சக்கர இயக்கம். அப்படிப்பட்ட குடும்பக் கார்களை முன்பக்கம் முதலில் வழுக்கும்படிதான் அமைத்து விற்பார்கள்.

மலைப்பாதை:
0.33 கணக்கு கண்ணைத் திறந்தது, நன்றி. ஆனால் திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் வீசுவது ஏன்? யூடியூபில் பார்ப்பவர்கள் அதே காரை நிதானமாகப் பிடிக்கிறார்களே.

நாலாவது_கியர்:
அந்த அறிகுறிதான் எனக்கும் இடிக்கிறது. கார் நின்றிருக்கும்போது உங்கள் வீலைச் சரியாக 90 டிகிரி திருப்புங்கள். திரையில் தெரியும் ஸ்டியரிங்கும் 90 டிகிரிதான் திரும்புகிறதா?

மலைப்பாதை:
இல்லை! திரையில் முக்கால் வட்டத்துக்கும் கொஞ்சம் குறைவாகப் போகிறது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முன்பு ஒரு ஆர்கேட் விளையாட்டுக்காக, வீல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திரும்பும் மொத்த அளவை வீலின் மென்பொருளில் 360 டிகிரி என்று வைத்தேன்.

நாலாவது_கியர்:
பிடித்துவிட்டோம். விளையாட்டின் அமைப்பில் 900 இருக்கும், வீலில் 360. நீங்கள் ஒரு பங்கு திருப்பினால் கார் இரண்டரைப் பங்கு திருப்புகிறது. சறுக்கலைப் பிடிக்க 40 டிகிரி வேண்டிய இடத்தில் 100 கொடுக்கிறீர்கள், அது மறுபக்கம் வீசாமல் என்ன செய்யும்? வீல் மென்பொருளில் 900 ஆக்குங்கள். ஸ்டியரிங் காமா 1 என்று இருக்கட்டும், அப்போதுதான் நீங்கள் திருப்பும் அளவுக்கு நேர்விகிதத்தில் காரின் ஸ்டியரிங் திரும்பும்.

அப்புறம் பார்வைக் கோணம். அசெட்டோ கோர்சா கேட்பது செங்குத்துக் கோணம். 27 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 34 செ.மீ. கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. என்றால் சரியான எண் 31 பக்கம் வரும். 60 வைத்தால் கார் திரும்புவது திரையில் சுருங்கித் தெரியும், அதனால் சறுக்கல் தொடங்கியதையே தாமதமாகத்தான் பார்ப்பீர்கள். முதல் நாள் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

டயர்வாசனை:
தம்பி சொன்னதுதான் சரி, டிகிரியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பார்வைக் கோணம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நிஜக் காரில் பின்பக்கம் நகர்வதை முதலில் சொல்வது இருக்கைதான், இடுப்பில் தெரியும். வீட்டு நாற்காலிக்கு அது தெரியாது. விளையாட்டு இயற்பியலை நொடிக்கு 333 முறை கணக்கிடுகிறது, ஆனால் அந்தக் கணக்கு உங்களிடம் வர மூன்றே வழிகள்: கண், காது, கை. இதனால்தான் நிஜத்தில் நன்றாக ஓட்டுபவர்களும் முதல் வாரம் சுழல்கிறார்கள். காரின் நடத்தை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, நமக்குச் செய்தி வரும் பாதைதான் ஒடுக்கம்.

கை வழியையும் அடைத்துவிடாதீர்கள். ஓட்டும்போது பெடல் காட்டும் ஆப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை சிவப்பாகிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் மோட்டார் உச்சத்தில் முட்டி நிற்கிறது. முன்டயர் பிடிப்பு இழக்கும்போது ஸ்டியரிங் லேசாக வேண்டும். முட்டி நிற்கும் மோட்டாரில் அந்த வித்தியாசம் தெரியாது. சிவப்பு மறையும்வரை கெயினை இறக்குங்கள். கை நோக அடிப்பதுதான் நிஜம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு.

மலைப்பாதை:
செய்து பார்த்தேன். வீல் 900, கோணம் 32, கெயின் 75. இன்று 20 சுற்றில் இரண்டு முறைதான் சுழன்றேன். இரண்டும் முதல் சுற்றில், டயர் சூடாகும் முன். இப்போது பின்பக்கம் நகர்வது தெரிகிறது, கொஞ்சம் திருப்பினாலே அடங்குகிறது. ஒரே ஒரு சந்தேகம்: வளைவுக்குள் வேகம் அதிகம் என்று தெரிந்துவிட்டால் காலை எடுக்காமல் வேறு என்ன செய்வது?

டயர்வாசனை:
எடுக்கலாம், ஆனால் ஒரேயடியாக எடுக்காதீர்கள். பாதி அழுத்தத்துக்கு மெதுவாகக் குறைத்து, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் நேராக்குங்கள். கார் அகலமாகப் போகும், புல்லில்கூட ஒரு சக்கரம் இறங்கும், பரவாயில்லை. அடுத்த சுற்றில் அதே வளைவுக்கு 10 மீட்டர் முன்னதாகவே பிரேக் போடுங்கள்.