பிரேக் பெடல் பஞ்சு மாதிரி, கிளட்ச் பெடல் தரையோடு: ஏர் எடுத்தும் சரியாகவில்லை

பொள்ளாச்சி டீசல் எழுதியது:

வணக்கம். நேற்று ஞாயிற்றுக்கிழமை என் காரில் நானே கை வைத்து மாட்டிக்கொண்டேன். 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பக்கக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இரண்டிலும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது. புதிதாக இரண்டு வாங்கி மாட்டினேன். அந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஏர் எடுக்கத்தான், அதாவது பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றத்தான், இருட்டும் வரை ஆனது.

மனைவி பெடலில், நான் கீழே 10 நம்பர் ரிங் ஸ்பேனரோடு. காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். "பிடி" என்றால் மிதித்துப் பிடிக்க வேண்டும், "விடு" என்றால் காலை எடுக்க வேண்டும் என்று பேச்சு. கடைசிச் சக்கரத்தில் நான் "விடு... ஐயோ, விடாத விடாத" என்று கத்தியதில், நிப்பிள் திறந்திருக்கும்போதே காலை எடுத்துவிட்டாள். அந்தக் காற்றையும் அப்புறம் எடுத்துவிட்டேன். வீட்டில் இன்று அதிகம் பேச்சு இல்லை.

இப்போது நிலைமை இது. பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பது போல அமுங்குகிறது. நாலு தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது, ஆனால் கல் மாதிரி நிற்கவில்லை. முன் நிப்பிள்களில் குமிழி வருவது நின்று வெறும் ஆயில்தான் வருகிறது. கிளட்ச் இன்னும் மோசம்: மிதித்தால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, கையை விட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது. நான் கிளட்ச் பக்கம் போகவே இல்லையே! ஒரே தப்பு, நடுவில் ஆயில் டப்பாவைப் பார்க்க மறந்துவிட்டேன். ஆனால் அது முழுசாகக் காலியாகவில்லை, அடியில் இரண்டு விரல் உயரம் இருந்தது.

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) போயிருக்குமா? போன வருஷம் திறந்த டாட் 4 தரப் பிரேக் ஆயில் பாதி பாட்டில் இருக்கிறது, அதை ஊற்றி இன்னொரு முறை எடுக்கலாமா?

மலைப்பாதை எழுதியது:

அந்தப் பாதி பாட்டிலைக் குப்பையில் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். உங்கள் ஊரிலிருந்து வால்பாறை ஏறி இறங்கினால் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், ஏர் எடுக்காத வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் வித்தியாசம் இருக்காது.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்குக் குறை சொல்லாதே. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதானே? அதன் பக்கவாட்டைப் பார். கிளட்சுக்குப் போகிற ரப்பர் குழாய் கொஞ்சம் மேலே இருக்கும், பிரேக்குக்கான வழி அடியில். கிளட்ச் லைன் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நீ சொன்ன இரண்டு விரல் ஆயில் பிரேக்குக்குப் போதும். கிளட்ச் குழாய் அந்த நேரத்தில் காற்றைத்தான் குடித்திருக்கும்.

கிளட்சுக்குப் பெடல் மிதித்து ஏர் எடுத்தால் நாள் பூரா மிதிக்க வேண்டும். காற்று மேலே ஏறப் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருப்போம். அதனால் கீழிருந்து மேலே ஏற்று. மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கு. புது ஆயிலை உறிஞ்சி, டியூபில் துளிக் காற்றும் இல்லாமல் தள்ளிவிட்டு, கியர்பாக்ஸ் மேல் இருக்கிற கிளட்ச் நிப்பிளில் இறுக்கமாகச் செருகு. நிப்பிளைத் திறந்து மெதுவாகத் தள்ளு. தள்ளும் முன் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று, துடைத்தால் மட்டும் போதாது.

இனி பிரேக். ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதுக் காலிப்பரில் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

பொள்ளாச்சி டீசல் எழுதியது:

ஐயா, போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இரண்டு பக்கமும் கீழே இருக்கிறது. டியூப் செருக வசதியாக இருக்கிறதே என்று நேற்று சந்தோஷப்பட்டேன்.

பழைய பட்டறை எழுதியது:

அதுதான் சங்கதி. இடதை வலதில் மாட்டிவிட்டாய். போல்ட் உட்காரும், பேட் உட்காரும், ஹோஸும் எட்டும், அதனால் சந்தேகமே வராது. நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும் வெளியே வரும், காற்று மேல்பக்கம் சொகுசாக உட்கார்ந்திருக்கும். பத்து பாட்டில் ஊற்றினாலும் அப்படியேதான். இரண்டையும் மாற்றிப் போடு. ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் வை, பழையது கசியும். இன்னொன்று, பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் அதில் உரசிக் கிழிந்துவிடும். அப்புறம் நீ கேட்ட மாதிரியே மாஸ்டர் சிலிண்டரும் போய்விடும்.

ஏபிஎஸ் வண்டியா?

பொள்ளாச்சி டீசல் எழுதியது:

ஏபிஎஸ் இல்லை ஐயா, அடிப்படை மாடல்.

புதன்கிழமை லீவு போட்டு முடித்தேன். கிளட்சுக்கு மூன்று சிரிஞ்ச் ஆயில் ஏறியது. முதல் சிரிஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் டப்பாவுக்குள் கடுகு வெடிப்பது போலப் பொட்டுப் பொட்டாகக் குமிழி. மூன்றாவதில் நின்றது. பெடல் தானாக மேலே வந்தது, ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறது.

காலிப்பரை மாற்றிப் போட்டதும் இடது முன்சக்கரத்தில் நிப்பிளைத் திறந்த முதல் மிதியிலேயே டியூபில் ஒரு சாண் நீளத்துக்குக் காற்று, ஆயிலே இல்லை. மொத்தம் அரை லிட்டர் பாட்டில் ஒன்று தீர்ந்து இரண்டாவதில் கொஞ்சம். ஆள் நடமாட்டமில்லாத தோப்புப் பாதையில் முதல் கியரில் ஓட்டி நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தேன். பாதி தூரத்திலேயே பெடல் கெட்டியாக நிற்கிறது.

இந்த முறை பெடலில் பக்கத்து வீட்டுப் பையன். "பிடி, விடு" இல்லை. "ஒன்று" என்றால் மிதி, "இரண்டு" என்றால் எடு.