புதுப்பிப்பு: திருவக்கரைக்கு மண் பாதையில் சைக்கிள்

புதுச்சேரியிலிருந்து தார் ரோட்டைத் தவிர்த்துத் திருவக்கரைக்குப் போக வழி கேட்டிருந்தேன் அல்லவா, போய் வந்தாச்சு. வில்லியனூர் தாண்டிச் சங்கராபரணி ஆற்றங்கரையைப் பிடிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. செம்மண் இறுகிக் கிடக்கிற இடத்தில் 40 மிமீ அகல டயர் பறக்கிறது; ஆற்று மணல் வந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

தொல்லை என்றால் சீமைக் கருவேல முள்தான். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றாமல் வராதீர்கள். முள்ளைப் பிடுங்கியதும் அது வெள்ளையாகக் குமிழியிடும்; சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் தானாக அடைத்துக்கொள்ளும்.

திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்களை, அதாவது கல்லாக மாறிய மரங்களை, பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம், அடுத்த பயணம் இந்த ஆறு பிறக்கிற செஞ்சி மலைப் பக்கம். அங்கே காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைய முடியாது. வெளியே சுற்றுகிற மண் பாதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.